தினமும் போடும் வைர மோதிரம்: கல்லை எப்படிப் பதித்தால் நல்லது?

கேள்வி: நான் செவிலியராக வேலை பார்க்கிறேன். எப்போதும் விரலில் கிடக்கிற மாதிரி ஒரு ஒற்றைக்கல் வைர மோதிரம் வாங்க ஆசை. கடையில் பிராங், பெசல், ஹேலோ, பாவே என்று வரிசையாக எடுத்து வைக்கிறார்கள். எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: உங்கள் வேலைக்கு பெசல்தான் என் முதல் தேர்வு. கல்லின் விளிம்பைச் சுற்றி மெல்லிய உலோகப் பட்டை அணைத்துப் பிடித்திருக்கும் அமைப்பு அது. துணியிலோ முடியிலோ மாட்டாது, கையுறையையும் எளிதில் கிழிக்காது. பட்டை வெளிச்சத்தை மறைத்துவிடுமே என்று பலர் தயங்குகிறார்கள். வைரத்துக்குள் வெளிச்சம் பெரும்பாலும் மேல்பக்கமாகத்தான் போகிறது. நன்றாக வெட்டிய கல் பெசலிலும் ஜொலிக்கும். கல் கொஞ்சம் சிறியதாகத் தெரியலாம், அவ்வளவுதான்.

பிராங் என்பது கல்லை நாலு அல்லது ஆறு உலோக நகங்கள் பிடித்திருப்பது. 1886-இல் டிஃபனி நிறுவனம் கொண்டுவந்த ஆறு நக மோதிரம்தான் இதில் பேர்போனது. நாலு நகம் என்றால் கல் அதிகம் தெரியும். ஆனால் ஒன்று உடைந்தால் கல் ஆடிவிடும். ஆறில் ஒன்று போனாலும் மிச்சம் ஐந்து தாங்கும். பிராங்தான் வேண்டும் என்றால் ஆறு நகமாக, கல் உயரமாகத் தூக்கி நிற்காததாகப் பாருங்கள். வாங்கும்போதே மெல்லிய துணி ஒன்றை மோதிரத்தின் மேல் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் நகத்தின் முனை சரியாகப் படியவில்லை என்று அர்த்தம். வாங்கிய பிறகும் அவ்வப்போது காதருகில் வைத்துத் தட்டிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் கல் தளர்ந்திருக்கிறது, உடனே கழற்றி வையுங்கள்.

வைரத்தை இன்னொரு வைரம் தவிர வேறெதுவும் எளிதில் கீறாதுதான், ஆனால் ஓரத்தில் அடி பட்டால் சில்லு பெயரும். சதுரம், துளி வடிவக் கல் என்றால் கூர்முனைகளை மூடிப் பிடிக்கும் அமைப்பு கட்டாயம் வேண்டும்.

ஹேலோவில் நடுக்கல்லைச் சுற்றிப் பொடிக்கற்கள் இருக்கும், கல் பெரிதாகத் தெரியும். பாவேயில் வளையம் முழுக்கப் பொடிக்கற்கள். இரண்டும் பார்க்க அருமை. ஆனால் நாளுக்குப் பலமுறை சோப்பும் கிருமிநாசினியும் படும் கைக்கு, இடுக்குகளில் அழுக்கு சேரும், பொடிக்கல் உதிரும். விசேஷங்களுக்குப் போட்டுக்கொள்ள வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் இரண்டு விஷயம் கடையில் கேளுங்கள். விரல் பருத்தாலோ மெலிந்தாலோ அளவை மாற்ற முடியுமா? வளையத்தைச் சுற்றிலும் கல் பதித்திருந்தால் அது கஷ்டம். பில்லில் நடுக்கல்லின் காரட்டை, அதாவது கல்லின் எடையை, தனியாக எழுதச் சொல்லுங்கள். மொத்தக் காரட் என்று மட்டும் இருந்தால் பொடிக்கற்களின் எடையும் அதில் சேர்ந்திருக்கும்.