எல்லாரும் சேர்ந்து படிக்கும் அந்த முக்கால் மணி நேரம்

வீட்டுக்கல்வி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியவை. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் தனித்தனிப் பாடங்களுக்குப் பிரிந்து போகுமுன் வேதவாசிப்பு (பைபிள் வாசிப்பு), பாட்டு, மனப்பாடம், கதை என்று தினமும் ஒன்றாக உட்காரும் நேரம். காலைக் கூடுகை என்று சிலர் சொல்கிறார்கள். நாங்களும் அப்படியே சொல்கிறோம்.

11, 8, 5 வயதில் மூன்று பிள்ளைகள். எந்தெந்தப் பாடத்தைச் சேர்த்து நடத்தலாம்? எவ்வளவு நேரம் உட்கார வைக்கலாம்?

வயது குறுக்கே வராத எதையும் சேர்க்கலாம். வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதத்தை 5 வயதுப் பிள்ளையும் கேட்கும், 11 வயதுப் பிள்ளையும் கேட்கும். அவரவர் எட்டுகிற அளவு எடுத்துக்கொள்வார்கள். படி ஏறிப் போகிற பாடங்கள், அதாவது கணக்கு, எழுத்துக்கூட்டிப் படித்தல், எழுத்துப்பிழைப் பயிற்சி, இலக்கணம் ஆகியவை இங்கே வேண்டாம். சின்னவள் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை பெரியவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். பெரியவனின் பின்னக் கணக்கு வந்ததும் சின்னவள் எழுந்து போய்விடுவாள். கூடுகை ஒட்டவில்லை என்று எழுதுகிறவர்களின் கால அட்டவணையைப் பார்த்தால், இப்படி ஒரு பாடம் உள்ளே நுழைந்திருப்பதைத்தான் அதிகம் காண்கிறோம்.

45 நிமிடம் போதும். நாங்கள் பரிந்துரைக்கும் பங்கீடு: பாட்டு 4 நிமிடம், ஜெபம் 3, வேதவாசிப்பும் பிள்ளைகள் அதைத் திரும்பச் சொல்வதும் 12, மனப்பாட வசனம் 4, சுழற்சிப் பாடம் ஒன்று 10, தொடர்கதைப் புத்தகம் 12. சுழற்சிப் பாடம் என்றால் என்ன என்பதைக் கீழே இன்னொரு கேள்வியில் சொல்கிறோம்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பாட்டு முதலில் வந்தால் யாரையும் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட வேண்டியதில்லை. பாட்டு கேட்டதும் வந்துவிடுவார்கள். கவனம் அதிகம் வேண்டிய வேதவாசிப்பு, தலை தெளிவாக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். தொடர்கதையைக் கடைசியில் வைத்தால், அதற்காகவே மற்றவை முடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். கதையை முதலில் வைத்துவிட்டு "இப்போது வசனம் சொல்லு" என்றால் முகம் தொங்கிப் போகும்.

முதல் நாளே ஆறையும் தொடங்காதீர்கள். பாட்டு, ஜெபம், வாசிப்பு, ஒரு வசனம் என்று 20 நிமிடம் மட்டும் மூன்று வாரம் நடத்துங்கள். அது பழகியபின் ஒவ்வொன்றாகச் சேருங்கள். அழகான பெட்டி, வண்ணக் குறிச்சீட்டு, பெரிய சுவர் அட்டவணை எல்லாம் வாங்கிக் குவித்துவிட்டுப் பத்தாம் நாள் நின்றுபோன வீடுகள் நிறைய.

வாசிப்புக்கு ஒரு கணக்கு. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு சுவிசேஷங்களிலும் சேர்த்து 89 அதிகாரங்கள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 18 வாரம். ஆனால் லூக்கா முதல் அதிகாரத்தில் மட்டும் 80 வசனங்கள். அதை ஒரே மூச்சில் வாசித்தால் சின்னவர்கள் தொலைந்துபோவார்கள். அதிகார எண்ணைப் பார்க்காமல் சம்பவத்தைப் பார்த்துப் பிரியுங்கள்: சகரியா தேவாலயத்தில் 1–25, காபிரியேல் மரியாளிடம் வருவதும் அவள் எலிசபெத்தைக் காணப் போவதும் 26–56, யோவான் பிறப்பு 57–80. சங்கீதம் 150, நாளுக்கு ஒன்றாக 30 வாரத்தில் முடியும் என்று பலர் கணக்குப் போட்டு 119-ஆம் சங்கீதத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அது 176 வசனம். எட்டெட்டு வசனமாக 22 பகுதிகள். பகுதிக்கு ஒரு நாள் விட்டால் மொத்தம் 171 நாள், அதாவது 34 வாரத்துக்குச் சற்று மேல். முன்கூட்டியே அப்படித் திட்டமிடுங்கள்.

இன்னொன்று. வாசித்து முடித்ததும் பிரசங்கம் தொடங்கிவிடாதீர்கள். "இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது?" என்று தினமும் கேட்டால், பிள்ளைகள் கதையைக் கேட்பதை விட்டுவிட்டு "கீழ்ப்படிய வேண்டும்" என்ற விடையைத் தயாராக வைத்துக்கொள்வார்கள்.

வசனம் இரண்டே வாரத்தில் மறந்துபோகிறது. புதிது ஏறும்போது பழையது போய்விடுகிறது.

புதிதைப் படிப்பதற்கு நேரம் ஒதுக்கி, பழையதைத் திரும்பச் சொல்ல நேரம் ஒதுக்காததால் வரும் சிக்கல் இது. மறதி முதல் சில நாட்களில்தான் வேகமாக நடக்கும் என்று ஜெர்மானிய ஆய்வாளர் ஹெர்மான் எபிங்ஹவுஸ் 1885-இலேயே தன்மேல் சோதித்து எழுதிவிட்டார். எனவே முதலில் அடிக்கடியும், பிறகு இடைவெளி விட்டு விட்டும் சொல்ல வேண்டும். அதற்கு ஓர் அட்டைப்பெட்டி போதும்.

பெட்டிக்குள் 41 தடுப்பு அட்டைகள் வையுங்கள். "தினமும்" என்று ஒன்று, "ஒற்றைத் தேதி", "இரட்டைத் தேதி" என்று இரண்டு, கிழமைகளுக்கு ஏழு, 1 முதல் 31 வரை தேதிகளுக்கு முப்பத்தொன்று. ஓர் அட்டையில் ஒரு வசனம். வசன எண்ணை மேலேயும் கீழேயும் எழுதுங்கள். சொல்லும்போதும் எண், வசனம், மறுபடி எண் என்றே சொல்லட்டும். எண்ணை ஒருமுறை மட்டும் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு வசனம் நிற்கும், இடம் நிற்காது.

புது அட்டை "தினமும்" பகுதியில் நுழையும். எல்லாரும் உதவியில்லாமல் சொல்லும்போது (ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகலாம்) அதை ஒற்றை அல்லது இரட்டைக்கு மாற்றுங்கள். அங்கே இருந்தது ஒரு கிழமைக்குப் போகும். அந்தக் கிழமையில் இருந்தது ஒரு தேதிக்குப் போகும். ஒவ்வொரு நாளும் எடுப்பது நான்கே அட்டை: தினமும், ஒற்றையோ இரட்டையோ, அன்றைய கிழமை, அன்றைய தேதி.

தவறும் இடங்களைச் சொல்லிவிடுகிறோம். வாரத்திற்கு ஒன்று என்று விடாப்பிடியாகப் புது வசனம் ஏற்றினால், பாதி வெந்த அட்டைகள் பின்னால் தள்ளப்படும். நாள்காட்டியைப் பார்த்து மாற்றாமல் பிள்ளையின் வாயைப் பார்த்து மாற்றுங்கள். கிழமையிலிருந்து தேதிக்குப் போவது பெரிய தாவல். 7 நாள் இடைவெளி ஒரேயடியாக ஒரு மாதம் ஆகிறது. அங்கே தடுமாறினால் வெட்கப்படாமல் அட்டையைத் திரும்பக் கிழமைக்குக் கொண்டுவாருங்கள். 29, 30, 31 எல்லா மாதமும் வராது என்பதால் முதலில் 28 வரை நிரப்புங்கள். 31-ஆம் தேதியும் மறுநாள் 1-ஆம் தேதியும் இரண்டுமே ஒற்றை. இரட்டை அட்டை ஒரு நாள் கூடுதலாகக் காத்திருக்கும், அவ்வளவுதான். வாரம் ஐந்து நாள் மட்டும் கூடுகிறவர்கள் கிழமைத் தடுப்பை ஐந்தாகக் குறைத்துக்கொண்டு, சனி, ஞாயிறு தேதி அட்டைகளைத் திங்கட்கிழமை சேர்த்துச் சொல்லலாம்.

23-ஆம் சங்கீதம் (6 வசனம்), 1 கொரிந்தியர் 13 (13 வசனம்) போன்ற முழுப் பகுதிகளை ஒரே அட்டையில் வைத்து, வசனம் வசனமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். எப்போதும் முதலிலிருந்தே தொடங்குவதால் ஆரம்பம் இரும்பாகவும் கடைசி மணலாகவும் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் கடைசி வசனத்தை மட்டும், பிறகு கடைசி இரண்டை, பிறகு மூன்றை என்று பின்னாலிருந்து கட்டிவாருங்கள்.

குறும்பு செய்ததற்குத் தண்டனையாக வசனத்தை நூறு முறை எழுத வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

வாசித்ததைத் திரும்பச் சொல்லச் சொன்னால் மூத்தவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். இரண்டாமவன் "தெரியாது" என்கிறான்.

இளையவரிடமிருந்து தொடங்குங்கள். அவன் சொன்னபின், விட்டுப்போனதை மட்டும் மூத்தவள் சேர்க்கட்டும். அவளுக்கு அதுதான் கடினமான வேலை, ஏனென்றால் தம்பி சொன்னதையும் கூர்ந்து கேட்டாக வேண்டும். இடையிடையே சீட்டுக் குலுக்கிப் போட்டு யார் என்று முடிவு செய்தால் ஒருவரும் அசட்டையாக இருக்க மாட்டார்கள்.

"தெரியாது" என்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம். முதலாவது, பகுதி நீளம். 8 வயதுப் பிள்ளைக்கு 6 முதல் 10 வசனம் வாசித்ததும் இடையில் நிறுத்திச் சொல்ல வையுங்கள். இரண்டாவது, பெயர்கள். சகரியா, எலிசபெத்து, காபிரியேல் மூன்றும் புதிதாக இருந்தால் "அவர்... அவங்க..." என்று இழுத்து நின்றுவிடுவான். வாசிக்குமுன் பலகையில் பெயர்களை எழுதி ஒருமுறை சொல்ல வையுங்கள். எழுதியது கடைசிவரை அழியாமல் இருக்கட்டும். மூன்றாவது, இரண்டாம் முறை வாசிப்பீர்கள் என்ற நம்பிக்கை. இந்த முறையைப் பரப்பிய இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) ஒரே வாசிப்பு என்பதில் கண்டிப்பாக இருந்தார். "ஒருமுறைதான் வாசிப்பேன், பிறகு நீ சொல்ல வேண்டும்" என்று முன்பே சொல்லிவிட்டு அதன்படி நில்லுங்கள்.

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போது திருத்தாதீர்கள். தவறு இருந்தால் முடித்தபின் அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுத்து வாசித்தால் தானே திருத்திக்கொள்வான். ஆறு வயதுக்குக் குறைந்தவர்களைச் சொல்லச் சொல்லிக் கேட்கவே வேண்டாம். தானாகச் சொன்னால் கேளுங்கள். 10 வயதுக்கு மேல் வாரம் ஒரு நாள் எழுத்தில் வாங்கலாம்.

புதன்கிழமைக்குள் அட்டவணை குலைந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஓவியம் என்றால் மாதக்கணக்கில் ஓவியமே இல்லை.

கிழமையோடு பாடத்தைக் கட்டியதுதான் பிழை. ஓவியம், இசை, மிஷனெரி வரலாறு, கவிதை, இயற்கைக் குறிப்பு என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி, முடித்த இடத்தில் ஒரு கிளிப் மாட்டுங்கள். அடுத்து எப்போது உட்கார்ந்தாலும் கிளிப்புக்குக் கீழே உள்ளது. இரண்டு நாள் தவறினாலும் எந்தப் பாடமும் காணாமல் போகாது. சுழற்சிப் பாடம் என்றது இதைத்தான். வரலாறு அதிகம் வேண்டுமென்றால் பட்டியலில் இரண்டு இடத்தில் எழுதுங்கள். அதிகத் தயாரிப்பு கேட்கும் பாடம் ஒன்று வந்ததும் சுழற்சி அங்கேயே உறைந்துவிடும் ஆபத்து உண்டு. "நாளைக்குச் செய்யலாம்" என்று அதே இடத்தில் கிளிப் பத்து நாள் நிற்கும். பத்து நிமிடத்தில் கையில் எடுத்துச் செய்ய முடியாததைப் பட்டியலில் வைக்காதீர்கள்.

ஓவியத்துக்கு எளிய முறை: மூன்று நிமிடம் பேசாமல் பார்ப்பது, படத்தைக் கவிழ்ப்பது, நினைவிலிருந்து சொல்வது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த, கெட்ட குமாரன் தந்தையிடம் திரும்பி வரும் ஓவியத்தைக் காட்டிப் பாருங்கள். மகனின் ஒரு காலில் செருப்பு கழன்று கிடப்பதை உங்களுக்கு முன் சின்னவள் கவனித்திருப்பாள்.

ஒன்றரை வயதுக் குழந்தை எல்லாவற்றையும் கலைக்கிறான்.

அவனால் ஐந்தாறு நிமிடம்தான் முடியும். அவனுடைய பங்கை முதலில் வையுங்கள்: கைதட்டிப் பாடும் பாட்டு. பிறகு அவன் சாப்பிடும் நேரத்தில் வேதவாசிப்பு. கூடுகையின்போது மட்டும் திறக்கும் விளையாட்டுப் பை ஒன்று வைத்து, உள்ளே இருப்பதை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். நாள் முழுக்கக் கிடைத்தால் அதற்கு மதிப்பே இருக்காது. மூத்த பிள்ளையிடம் அவனை ஒப்படைப்பதானால் முறை வைத்து, சுழற்சிப் பாட நேரத்தில் மட்டும். வேதவாசிப்பில் எப்போதும் ஒரே பிள்ளை வெளியே இருக்கக் கூடாது. தொடர்கதையை அவன் தூங்கும் நேரத்துக்குத் தள்ளினால் பாதித் தலைவலி போயிற்று.

மூத்தவனுக்கு 13 ஆகிறது. "இது சின்னப் பிள்ளைகளுக்கு" என்கிறான்.

அவன் சொல்வதில் பாதி உண்மை. 25 நிமிடத்தில் அவனை விடுவியுங்கள். அந்த 25 நிமிடத்தில் வாசிப்பை அவன் நடத்தட்டும், அல்லது பாட்டுக்கு வாத்தியம் வாசிக்கட்டும். தனியே அவனுக்கு ஞானோபதேச வினாவிடை (விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் நூல்) கொடுக்கலாம். 1563-இல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடையின் 129 கேள்விகள் 52 ஞாயிறுகளுக்குப் பிரிக்கப்பட்டிருப்பதால் ஓராண்டுத் திட்டம் தயாராகவே இருக்கிறது. உங்கள் சபைக்கென வேறு வினாவிடை இருந்தால் அதையே எடுங்கள்.

காலையில் என் கணவர் வீட்டில் இருப்பதில்லை. மாலையில் வைத்தால் தவறா?

உபாகமம் 6:7 படுத்துக்கொள்ளும் நேரத்தையும் எழுந்திருக்கும் நேரத்தையும் சேர்த்தேதான் சொல்கிறது. மாலையில் பிள்ளைகள் களைத்திருப்பார்கள் என்பதால் திரும்பச் சொல்வதைக் காலையில் வைத்துக்கொண்டு, பாட்டு, ஜெபம், தொடர்கதையை அப்பாவோடு இரவுக்கு மாற்றுங்கள். நியாயாதிபதிகள் 19 போன்ற கொடூரச் சம்பவங்கள் உள்ள அதிகாரங்கள் வரும் வாரத்தில் யார் வாசித்தாலும் முந்தின இரவே ஒருமுறை தனியே படித்துவிடுவது நல்லது.

பழைய திருப்புதலின் (பழைய வேதாகம மொழிபெயர்ப்பின்) தமிழ் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. எளிய மொழிபெயர்ப்புக்கு மாறலாமா?

வாசிப்புக்கு மாறலாம். மனப்பாடத்துக்கு எதையாவது ஒன்றை முடிவு செய்து, அதிலேயே நில்லுங்கள். இரண்டும் கலந்தால் வாயில் குழம்பும். அட்டையின் மூலையில் எந்த மொழிபெயர்ப்பு என்று குறித்து வையுங்கள். பழையதையே தேர்ந்தெடுத்தால் எதிர்மறை வினைகளை முதலில் விளக்குங்கள். "நான் தாழ்ச்சியடையேன்", "பொல்லாப்புக்குப் பயப்படேன்" என்பதில் வரும் கடைசி "ஏன்" சின்னப் பிள்ளைகளின் காதில் கேள்வியாக விழுகிறது. "வரமாட்டேன் என்பதை வரேன் என்று எழுதுவார்கள்" என்றும் சொல்லிவிடாதீர்கள். பேச்சில் "வரேன்" என்றால் வருகிறேன் என்று பொருளாகிவிடும். "அடையேன் என்றால் அடைய மாட்டேன், பயப்படேன் என்றால் பயப்பட மாட்டேன்" என்று அந்தச் சொற்களையே வைத்துச் சொல்லிக் கொடுங்கள்.