பதில்: டியூஷன் குழுவைச் சங்கமாகப் பதிவு செய்வது

வணக்கம் தம்பி. சுங்கை சிப்புட் தோட்டத்துப் பழைய ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) எட்டுப் பேர் சேர்ந்து டியூஷன் நடத்துகிறீர்கள். ஒரு கம்பெனி நன்கொடை தருகிறது, என் சொந்தக் கணக்கில் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். யாராவது ஒருவர் சந்தேகமாக ஒரு வார்த்தை பேசினால் போதும், பெற்றோர் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவார்கள்.

மலேசியாவின் 1966 சங்கங்கள் சட்டப்படி ஏழு பேர் இருந்தாலே சங்கம் பதியலாம். இளைஞர் சங்கமாகவே வேண்டுமென்றால் அதற்கென 2007 இளைஞர் சங்கங்கள் சட்டமும் தனிப் பதிவாளரும் உண்டு. பதிவு கிடைத்ததும் சங்கத்தின் பெயரில் கணக்கு, காசோலைக்கு இரண்டு கையெழுத்து. அதுவரை கம்பெனியிடம் பணத்துக்குப் பதில் பயிற்சிப் புத்தகம், வெண்பலகை, மேசை நாற்காலி கேளுங்கள்.

செயலாளராக நன்றாகப் பேசுபவரைப் போடாதீர்கள். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிந்தும் ஊரிலேயே இருக்கப்போகிறவரைப் போடுங்கள். ஆண்டுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் பதிவாளருக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். இளைஞர் குழுக்கள் பலவும் சறுக்குவது இங்கேதான்: பொறுப்பாளர் படிக்கக் கோலாலம்பூர் போய்விடுவார், கோப்பு யாரிடம் என்றே தெரியாது.

நீங்கள் எழுதியிருந்த அம்மாக்களின் முறுக்கு வியாபாரத்தை எஸ்எஸ்எம்மில் (நிறுவனங்கள் ஆணையத்தில்) தனியாகப் பதியுங்கள், கணக்கைக் கலக்காதீர்கள்.

பெற்றோரிடமும் சிறு சந்தா வாங்குங்கள். உங்கள் ஊர்க்காரர், முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் போட்ட பத்துப் பத்து வெள்ளியில் (ரிங்கிட்டில்) எழுந்தது. சங்கத்தின் சட்டவிதி வரைவு எழுதியதும் இங்கே போடுங்கள், வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.