வால் மாறினால் பொருள் மாறும்: ஒட்டுகள் பற்றிக் கேள்வி பதில்

பல வருடங்களாகத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். சொல்லின் கடைசியில் ஒட்டும் சின்னச் சின்னத் துண்டுகள்தான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

டீச்சர், என் மகளுக்கு ஒன்பது வயது. ஐ, ஆல், கு என்று வேற்றுமை உருபுகளைக் கடகடவென ஒப்பிக்கிறாள். ஆனால் வாக்கியத்தில் 'ஐ' என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் விழிக்கிறாள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

அட்டவணையைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள். ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் 'நாய் பூனையைத் துரத்தியது' என்றும், வலப்பக்கம் 'நாயைப் பூனை துரத்தியது' என்றும் எழுதுங்கள். இரண்டுக்கும் படம் வரையச் சொல்லுங்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் இரண்டு பக்கமும் ஒரே படத்தை வரைந்தான். முதலில் வருவதுதான் துரத்துகிறது என்று அவன் எடுத்துக்கொண்டான். நான் தப்பு என்று சொல்லவில்லை. வலப்பக்க வாக்கியத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "நாயைப்..." என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றுவிட்டான். அழிரப்பரை எடுத்து நாயை அழித்து, பூனைக்கு முன்னால் ஓடுகிற மாதிரி திரும்ப வரைந்தான். அப்புறம் மூன்றாவதாக 'பூனையை நாய் துரத்தியது' என்று எழுதிக் கொடுத்தேன். "இதற்கு முதல் படமே போதுமே!" என்றான். சொற்கள் இடம் மாறியும் படம் மாறவில்லை. 'ஐ' இடம் மாறினால் மட்டும் படம் தலைகீழாகிறது. ஒரு சொல்கூட நான் விளக்கவில்லை.

அடுத்த நாள் ஒரே பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவைக் கூப்பிட்டேன், அக்காவுக்குக் கொடுத்தேன், அக்காவிடமிருந்து வாங்கினேன், அக்காவோடு போனேன். ஒவ்வொன்றையும் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு அட்டவணையைத் திறந்தால், தனக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றின் பட்டியல் அது என்று அவளுக்கே புரியும்.

உருபு, விகுதி, இடைநிலை, சாரியை என்று இத்தனை பெயர் இருக்கிறதே. குழந்தைக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். ஆரம்பத்தில் 'ஒட்டு' என்ற ஒரு பெயர் போதும். ஆனால் உங்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தவறாகச் சொல்லிவிடுவோம். பெயருக்குப் பின்னால் ஒட்டி உறவைக் காட்டுவது உருபு. பெயருக்கும் உருபுக்கும் நடுவில் வருவது சாரியை, 'மரத்தை' என்பதில் வரும் 'அத்து' மாதிரி. வினையின் கடைசியில் நின்று யார் செய்தது என்று காட்டுவது விகுதி. காலத்தைக் காட்டும் இடைநிலை நடுவில் இருக்கும். செய்தான், செய்கிறான், செய்வான் என்று சொல்லிப் பாருங்கள்: கடைசி மாறவில்லை, நடுத்துண்டுதான் மாறுகிறது. செய்தான், செய்தாள், செய்தேன், செய்தார்கள் என்னும்போது நடு அப்படியே இருக்கிறது, கடைசி மாறுகிறது. "சொல்லின் வால் காலத்தைக் காட்டும்" என்று பலர் சொல்லித் தருகிறார்கள். தமிழுக்கு அது பொருந்தாது.

இன்னொன்றும் கவனியுங்கள். 'செய்தான்' என்று எழுதிக் கத்தரிக்கோலால் வெட்டச் சொன்னால் குழந்தையால் முடியாது. த் என்ற மெய்யும் ஆ என்ற உயிரும் 'தா' என்று ஒரே எழுத்தாகிவிட்டனவே! அதனால் அட்டை செய்யும்போது செய், த், ஆன் என்று தனித்தனி அட்டையாகவே எழுதுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி, சேர்த்துச் சொல்லி, அப்புறம் எழுதட்டும். உயிர்மெய் எழுத்துகளில் தடுமாறுகிற பிள்ளைக்கு அந்தப் பாடமும் இதிலேயே நடந்துவிடும்.

என் பையனுக்கு நாலரை வயது. 'போட்டேன்' என்று சொல்லாமல் 'போடினேன்' என்கிறான். போன வருடம் சரியாகத்தான் சொன்னான். பின்னோக்கிப் போகிறானோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படவே வேண்டாம். எனக்கு மிகவும் சந்தோஷம் தருகிற தவறு இது. போன வருடம் கேட்டதைத் திருப்பிச் சொன்னான். இப்போது விதியைக் கண்டுபிடித்துவிட்டான். ஆடு, ஆடினேன். பாடு, பாடினேன். ஓடு, ஓடினேன். தேடு, தேடினேன். அப்படியானால் போடு? போடினேன். அவன் கணக்கு சரிதான். 'போடு'தான் கூட்டத்தோடு சேராமல் தனியாக நிற்கிறது.

குழந்தைகள் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வதோடு நிற்பதில்லை என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜீன் பெர்கோ 1958இல் வெளியிட்ட ஆய்வில் அழகாகக் காட்டினார். கற்பனைப் பிராணி ஒன்றின் படத்தைக் காட்டி, "இது ஒரு வக்" என்றார். அப்புறம் இரண்டு பிராணிகள் உள்ள படத்தைக் காட்டினார். அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டே இராத குழந்தைகள் தாங்களாகவே பன்மை ஒட்டைச் சேர்த்து 'வக்ஸ்' என்றார்கள்.

திருத்தி அதட்டாதீர்கள். "ஓ, பெட்டிக்குள் போட்டாயா? நானும் ஒன்று போட்டேன்" என்று சரியான வடிவத்தை உங்கள் பேச்சில் வைத்துப் பதில் சொல்லுங்கள், போதும். கொஞ்சம் பெரியவனானதும் இன்னொரு புதையலைக் காட்டலாம். ஆடு, பாடு, ஓடு எல்லாம் நெடிலில் தொடங்குகின்றன, 'இன்' சேர்கிறது. தொடு, சுடு, விடு, நடு எல்லாம் குறில். தொட்டேன், சுட்டேன், விட்டேன், நட்டேன் என்று 'ட்' இரட்டிக்கிறது. 'போடு' நெடிலில் தொடங்கினாலும் குறில் கூட்டத்தோடு போய் நிற்கிறது. எடு, கொடு, தடு குறில்தான், ஆனால் எடுத்தேன், கொடுத்தேன், தடுத்தேன். 'படு' இரண்டு பக்கமும் போகும்: துன்பம் பட்டேன், பாயில் படுத்தேன். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் இந்தச் சொற்களைக் கலைத்துப் போட்டு, "யார் யாரோடு சேருவார்கள்?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது.

வீடு வீட்டை ஆகிறது. அப்படியானால் காது 'காத்தை' ஆக வேண்டாமா என்று மாணவி கேட்டாள். பதில் தெரியவில்லை.

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். டு, று என்று முடிகிற சொற்கள்தான் இப்படி இரட்டிக்கும், அதுவும் அதற்கு முன்னால் உயிரோசை இருந்தால்: வீட்டை, காட்டை, ஆற்றை, கயிற்றை. முன்னால் மெய் நின்றால் இரட்டிக்காது: வண்டை, கன்றை. காது, காசு போன்றவை அந்தக் கூட்டமே இல்லை. மரம், படம் போன்ற சொற்களில் ம் போய் 'அத்து' வருகிறது, மரத்தை. விதியாகச் சொல்லாமல், வீட்டுக் கூட்டம், காதுக் கூட்டம், மரக் கூட்டம் என்று மூன்று வட்டம் போட்டுச் சொற்களைச் சேகரிக்கச் சொல்லுங்கள்.

'மை' பாடம் நடத்தினேன். பெருமை, சிறுமை, பொறுமை, இனிமை எல்லாம் நன்றாகப் போனது. ஒரு பையன் 'எருமை' என்றால் எரு கூட்டல் மையா என்றான். வகுப்பே சிரித்தது.

அவனுக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். ஒட்டைத் தேட ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம். சொல்லை வெட்டிய பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. மிச்சத்துக்குப் பொருள் இருக்கிறதா? அந்தப் பொருள் முழுச் சொல்லுக்குள்ளும் இருக்கிறதா? ஆமையில் 'ஆ' மிஞ்சுகிறது. அதற்கும் ஓட்டுக்குள் இருக்கிற பிராணிக்கும் உறவில்லை. எருமையில் 'எரு' நல்ல சொல்தான், ஆனால் எருவின் தன்மையை எருமை என்று யாரும் சொல்வதில்லை. தலைமையில் 'தலை' இருக்கிறது, முதன்மையாக நிற்கும் பொருளும் இருக்கிறது. ஆகவே அது ஒட்டு. 'கள்' வரும்போதும் இதே சோதனைதான். மரங்கள் பன்மை, திங்கள் பன்மை இல்லை, நிலா ஒன்றுதான். அந்தப் பையனையே அடுத்த வாரம் இப்படி ஏமாற்றும் சொற்களைத் தேடிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் 'ஃபுல்', 'லெஸ்' நடத்துகிறார்கள். தமிழோடு சேர்த்துச் சொல்லலாமா?

தாராளமாக. 'உள்ள', 'அற்ற' இரண்டும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கின்றன: பயனுள்ள, பயனற்ற. ஆனால் ஒட்டைக் கூட்டினால் பொருள் தானாக வந்துவிடும் என்று சொல்லிவிடாதீர்கள். 'பிரைஸ்லெஸ்' என்றால் விலையில்லாத மலிவுப் பொருள் இல்லையே, விலைமதிப்பற்றது. வாக்கியத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தையும் கூடவே கொடுங்கள்.

வினையைப் பெயராக்க தல், அம், கை, பு, வி என்று பல இருக்கின்றன. எந்த வினைக்கு எது சேரும்?

'தல்' ஏறக்குறைய எல்லா வினைக்கும் சேரும். மற்றவற்றை மொழி தானே பழக்கத்தில் தேர்ந்தெடுத்திருக்கிறது. கேட்டுத்தான் பழக வேண்டும். ஒரே வேரில் எத்தனை சொல் என்று காட்டுவது இன்னும் சுவை. 'நட' என்பதிலிருந்து நடை, நடப்பு, நடத்தை. நடையைக் காலில் பார்க்கலாம், நடத்தையைக் குணத்தில் பார்க்கலாம், நடப்பை நாளிதழில் பார்க்கலாம். பிள்ளைகள் இதை மறப்பதில்லை.

என் மகள் எழுதும்போது 'வீட்டுல' என்று எழுதுகிறாள்.

அவள் காது சரியாக வேலை செய்கிறது. பேசுவது 'வீட்டுல', எழுதுவது 'வீட்டில்' என்று இரண்டு வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். பேச்சைத் தப்பு என்று சொல்லாதீர்கள்.

தாளோ அட்டையோ இல்லாமல், பயணத்தில் விளையாட ஏதாவது?

'ஆ' விளையாட்டு. "அக்கா நேற்று பாட்டுப் பாடினாள்" என்று ஒருவர் சொல்ல வேண்டும். மற்றவர்கள் 'ஆ'வை ஒவ்வொரு சொல்லாக நகர்த்த வேண்டும். அக்காவா நேற்று பாட்டுப் பாடினாள்? அக்கா நேற்றா பாட்டுப் பாடினாள்? அக்கா நேற்று பாட்டா பாடினாள்? அக்கா நேற்று பாட்டுப் பாடினாளா? ஒவ்வொன்றுக்கும் "இல்லை" என்று தொடங்கிப் பதில் சொல்லச் சொல்லுங்கள். இல்லை, அண்ணன். இல்லை, இன்று. இல்லை, கதை சொன்னாள். ஒரே எழுத்துதான், ஆனால் எங்கே ஒட்டுகிறதோ அதைத்தான் கேள்வி பிடிக்கிறது. 'ஆ' நன்றாக வந்த பிறகு அதே வாக்கியத்தில் 'உம்' போட்டுப் பாருங்கள்: 'அக்காவும் பாடினாள்' என்றால் இன்னும் யார் யார் பாடினார்கள் என்று அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.