வண்ணத்துப்பூச்சிப் படமும் 'என்சி' உரிமமும்

கேள்வி: கண்ட உயிரினங்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் நான் ஏற்றிய தமிழ் மறவன் வண்ணத்துப்பூச்சிப் படத்தை ஓர் அச்சகம் காலண்டரில் போட்டு விற்கிறது. கேட்டால், "நெட்டில் சும்மாதானே கிடந்தது" என்கிறார்கள். அதே படத்தை விக்கிப்பீடியாவில் சேர்க்க விரும்பிய நண்பரோ, அதன் உரிமம் இடம் தராது என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்தத் தளத்தில் நீங்களாக மாற்றாதவரை படங்களுக்கு 'சிசி பை-என்சி' என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் பொது உரிமம்தான் இருக்கும் ('பை' என்றால் பெயர் குறிப்பிடல், 'என்சி' என்றால் வணிகமின்மை). எடுத்தவர் பெயரைப் போட்டு, வணிக நோக்கமின்றி யாரும் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். காலண்டர் விற்பது வணிகம். ஆகவே அச்சகம் செய்தது மீறல். விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் சேரும் விக்கிமீடியா காமன்ஸோ, வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் உரிமங்களை மட்டுமே ஏற்கும். உங்கள் நண்பர் சொன்னதும் சரிதான்.

முதலில் அச்சகம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்த கணமே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. கேமராவில் உள்ள மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். தளம் படத்தை 2048 பிக்சலுக்குச் சுருக்கியே வைக்கும். முழு அளவுக் கோப்பு உங்களிடம் மட்டும் இருப்பது வலுவான சாட்சி. பில்லுடன் ஒரு காலண்டர் வாங்கி, அச்சகப் பெயர் உள்ள பக்கத்தோடு பத்திரப்படுத்துங்கள். பிறகு ஒப்புகை வரும்படி கடிதம் அனுப்புங்கள்: படத்தின் இணைப்பு, உரிமத்தின் பெயர், விற்பனையை நிறுத்த வேண்டும் அல்லது இன்ன தொகை தர வேண்டும் என்ற கோரிக்கை, பதிலுக்கு ஒரு கெடு. முகநூலில் திட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் தேவைப்படாது.

காலண்டர் இணையக் கடையிலும் இருந்தால், 2013 பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதிப்படி அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் தரலாம். 36 மணி நேரத்துக்குள் அவர்கள் முடக்க வேண்டும். ஆனால் வழக்குத் தொடர்ந்து 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைக் காட்டுவதாக நீங்கள் உறுதி எழுதித் தர வேண்டும். காட்டாவிட்டால் காலண்டர் திரும்ப விற்பனைக்கு வரலாம். வழக்குக்குத் தயாரில்லாமல் இந்த வழியில் இறங்காதீர்கள்.

இனி விக்கிப்பீடியா. படத்தின் பக்கத்திலேயே அந்த ஒன்றுக்கு மட்டும் உரிமத்தை, காமன்ஸ் ஏற்கும் 'பை-எஸ்ஏ' (பெயர் போட்டு, மாற்றினால் அதே உரிமத்தில் பகிர்தல்) என மாற்ற முடியும். ஆனால் ஒன்றை யோசியுங்கள்: அதன்பின் எந்த அச்சகமும், உங்கள் பெயரையும் உரிமத்தையும் போட்டு, அதைச் சட்டப்படியே விற்கலாம். கொடுத்ததைத் திரும்பப் பெறவும் முடியாது. பின்னால் மாற்றினாலும், முன்பு எடுத்தவர்களுக்குப் பழைய உரிமமே செல்லும். அதே இடத்தில் எடுத்த வேறொரு ஷாட் இருந்தால் அதைக் காமன்ஸுக்குக் கொடுத்துவிட்டு, சிறந்த படத்தை 'என்சி'யிலேயே வைத்திருங்கள் என்பதே எங்கள் பரிந்துரை.

கோபத்தில் எல்லாவற்றையும் 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்று மாற்றிவிட வேண்டாம். ஐநேச்சுரலிஸ்டில் பதிவுக்கும் (எந்த உயிரியை எங்கே, எப்போது கண்டீர்கள் என்ற குறிப்பு) படத்துக்கும் தனித்தனி உரிமம் உண்டு. பதிவின் உரிமத்தையும் பூட்டிவிட்டால், உலகப் பல்லுயிர்த் தரவகமான ஜிபிஐஎஃப்-க்கு அந்தப் பதிவு போய்ச் சேராது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும், 2019 முதல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியான ஓர் உயிரியின் இடமும் நாளும் ஆய்வாளர் கண்ணில் படாமல் போவது பெரிய இழப்பு.