பாலைக்கு மேலே பனிநீர் ஏரி: காட்டன்வுட் ஏரிகள் கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு விளிம்பில், ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் பாலைநிலத்தைப் பார்த்தபடி அமைந்துள்ள காட்டன்வுட் ஏரிகளுக்குப் பல கோடைகளாகச் சென்று வருகிறேன். அங்கே நடந்து சென்று இரவு தங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து விடை எழுதியிருக்கிறேன்.

மழையே இல்லாத பள்ளத்தாக்கின் தலைமேல் ஏரிகள் எப்படி வந்தன?

இரண்டுக்கும் காரணம் ஒரே மலைதான். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, தன் ஈரத்தை உயரங்களில் பனியாகக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. அந்தப் பனி, பண்டைய பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் உருகித் தேங்குகிறது. நடைபாதைத் தொடக்கத்துக்குச் செல்லும் ஹார்ஸ்ஷூ மெடோஸ் சாலையில் ஏறும்போது கீழே வெளுத்துத் தெரியும் பரப்பு ஓவன்ஸ் ஏரியின் படுகை. அதை வற்றவைத்தது மழைக்குறைவு அன்று. 1913இல் திறக்கப்பட்ட லாஸ் ஏஞ்சலிஸ் கால்வாய் அதற்கு வந்துகொண்டிருந்த ஆற்றைத் திருப்பிக்கொண்டதே காரணம். மேலே போகிறவர்கள் அந்தப் படுகை தெரியும் சாலை வளைவில் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒரு வழிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான், ஏற்றமும் குறைவு என்கிறார்கள். ஒன்பது வயது மகளுடன் போகலாமா?

போகலாம், ஆனால் தூரத்தை வைத்து இந்த நடையை எடைபோடாதீர்கள். மலையடிவாரப் பள்ளத்தாக்கிலுள்ள லோன் பைன் ஊர் ஏறக்குறைய 1,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடைபாதை தொடங்கும் இடமோ 3,000 மீட்டரைத் தாண்டியது. கார் ஒரு மணி நேரத்துக்குள் உங்களை அங்கே கொண்டுபோய்விடும், உங்கள் உடல் அத்தனை விரைவாக அந்த உயரத்துக்குப் பழகாது. ஏரிகள் இருக்கும் சுமார் 3,370 மீட்டரில், ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையில் கிடைக்கும் உயிர்வளியில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும்.

முதல்முறை நான் காலையில் சமவெளியிலிருந்து புறப்பட்டு, மாலையில் ஏரிக்கரையில் கூடாரம் அடித்தேன். இரவு முழுவதும் தலைவலியும் குமட்டலும் என்னைத் தூங்கவிடவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் முதல் இரவை நடைபாதைத் தொடக்கத்தில் உள்ள முகாமிலேயே கழிக்கிறேன். கழிப்பறையும், உணவைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டிகளும் அங்கே உண்டு. குழந்தைகள் தலைவலியைச் சொல்லத் தெரியாமல் சிணுங்குவார்கள், சாப்பாட்டை ஒதுக்குவார்கள். அதைக் களைப்பு என்று எண்ணி மேலே அழைத்துச் செல்லக் கூடாது. ஓய்வெடுத்தும் வாந்தி நிற்காவிட்டாலோ, நடை தள்ளாடினாலோ, நள்ளிரவானாலும் கீழே இறங்குங்கள். அந்தச் சாலை இறங்குவதற்கும் அதே அளவு விரைவானது என்பது இந்த இடத்தின் பெரிய நன்மை.

சோறும் பருப்பும் சமைக்க முடியுமா?

அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பைப் பார்த்து ஏமாந்து துவரம்பருப்பைப் போட்டால், எரிவாயு தீர்ந்தாலும் பருப்பு மலராது. சிறிய குக்கரைச் சுமக்க மனமில்லாதவர்களுக்கு அவல், வறுத்த ரவை, சேமியா ஆகியவையே ஏற்றவை. வீட்டிலேயே தாளித்துக் கலந்து வைத்த ரவைக்கு வெந்நீர் மட்டும் போதும். ஏரி நீரை வடிகட்டியோ, மூன்று நிமிடம் கொதிக்க வைத்தோதான் குடிக்க வேண்டும். விறகு மூட்டுவதற்கு ஏரிப்பகுதியில் தடை இருப்பதால் எரிவாயு அடுப்பே வழி. அங்குள்ள நரிவால் பைன் மரங்கள் வளர நூற்றாண்டுகள் எடுத்துக்கொள்கின்றன. பட்டுப்போன கிளைகூட அந்த மண்ணுக்கு உரம்.

ஜூலையில் லோன் பைனில் 38 டிகிரி. கனமான தூக்கப்பை தேவையா?

ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஏழு டிகிரி குறையும் என்று கணக்கிட்டாலே ஏரியில் பகல் 23 டிகிரி அளவில்தான் இருக்கும். வறண்ட காற்று வெப்பத்தைப் பிடித்து வைக்காததால், இரவில் உறைநிலையை நெருங்கும். அதற்கேற்ற தூக்கப்பையும், தரைக்குளிரைத் தடுக்கும் பாயும் தேவை. ஜூலையில் கொசுத் தொல்லையும் உண்டு. எனக்குப் பிடித்த காலம் செப்டம்பர்.

அனுமதி வேண்டுமா?

பகலிலேயே சென்று திரும்புவதற்கு அனுமதி தேவையில்லை. இரவு தங்க எப்போதும் அனுமதி வேண்டும். மே 1 முதல் நவம்பர் 1 வரை நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு இருக்கிறது. ஏரிகள் அமைந்துள்ள இன்யோ தேசிய வனத்தின் முன்பதிவில் ஒரு பகுதி ஆறு மாதங்களுக்கு முன்பும், எஞ்சியது இரண்டு வாரங்களுக்கு முன்பும் திறக்கும். உணவையும் பற்பசையையும் கரடியால் திறக்க முடியாத பெட்டியில் வைத்து, கூடாரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

ஏரியிலிருந்து லாங்லி சிகரத்துக்கு எந்தக் கணவாய் நல்லது?

நியூ ஆர்மி கணவாய். பழைய ஆர்மி கணவாய் தூரம் குறைந்தது என்றாலும், பராமரிப்பற்ற அதன் செங்குத்துச் சரிவில் கோடையிலும் நெடுநாள் பனிக்கட்டி இருக்கும். சிகரம் 4,270 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. பிற்பகல் இடி தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும் என்பதால் விடியுமுன் புறப்படுங்கள். நாயுடன் வருபவர்கள் கணவாயோடு நிற்க வேண்டும். அப்பால் செக்கோயா தேசியப் பூங்கா, அங்கே இந்தப் பாதைகளில் நாய்களுக்கு அனுமதியில்லை.

ஏரியில் தெரியும் பொன்னிற மீன்கள் அங்கேயே தோன்றியவையா?

இல்லை. இந்த உயர ஏரிகளில் முன்பு மீனே கிடையாது. 1876இல் மரம் அறுக்கும் ஆலை நடத்தியவர்கள், அருகிலிருந்த மல்க்கி ஓடையிலிருந்து சில பொன் ட்ரௌட் மீன்களை ஒரு காப்பிப் பாத்திரத்தில் எடுத்துவந்து காட்டன்வுட் ஓடையில் விட்டார்கள் என்பது பதிவாகியுள்ள செய்தி. அங்கிருந்து பின்னர் ஏரிகளுக்குக் கொண்டுபோகப்பட்டன. இன்று அது கலிஃபோர்னியாவின் மாநில நன்னீர் மீன். தூண்டில் போடுவதற்கு இந்த ஏரிகளுக்கெனத் தனி விதிகள் உள்ளன. உரிமச்சீட்டு எடுக்கும்போதே அவற்றைப் படித்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு நீரையும் ஏரியிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி மண்ணில் ஊற்றுங்கள்.