குதிரில் எவ்வளவு, உலையில் எவ்வளவு?

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 38. டிஎஸ்ஹெச் 6.8 என்று வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா ஏதோ வீடியோ பார்த்துவிட்டு என் முன்கையில் டிங்சர் அயோடின் தடவிவிட்டார். ராத்திரிக்குள் கறை மறைந்துவிட்டது. “உடம்புல அயோடினே இல்ல, அதான் குடிச்சிடுச்சு” என்கிறார். அயோடின் சொட்டு மருந்து குடிக்கலாமா? உடம்பில் அயோடின் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேறு டெஸ்ட் இருக்கிறதா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: சொட்டு மருந்து வேண்டாம் அம்மா. வாங்கி வைத்திருந்தாலும் தொடாதீர்கள். கையில் தடவிய அயோடினில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும், மிச்சம் தோலில் நிறமில்லாத வேறு பொருளாக மாறிவிடும். அயோடின் நிறைய உள்ளவர் கையிலும் அந்தக் கறை மறையத்தான் செய்யும். டிஎஸ்ஹெச் என்பது தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன், அது ஏறினால் தைராய்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஏற்கெனவே தளர்ந்த தைராய்டின் மேல் அயோடினை அள்ளிக் கொட்டினால் அது இன்னும் தளரும். சொட்டு மருந்தால் டிஎஸ்ஹெச் ஏறி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அணு மருத்துவப் பிரிவில் என் வேலையே அதுதான். குதிரில் எவ்வளவு நெல் கிடக்கிறது என்பது ஒன்று, தினமும் உலையில் எவ்வளவு அரிசி விழுகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகத்தான் அளக்க வேண்டும்.

முதலில் குதிர். சுமார் 20 கிராம் எடையுள்ள தைராய்டுக்குள் 5 முதல் 15 மில்லிகிராம் அயோடின் இருக்கும். மூன்று நான்கு எள்ளின் எடைதான். உடம்பிலுள்ள அயோடினில் பெரும்பங்கு அதுவே. இதை ஊசி இல்லாமலே அளக்க ஒரு வழி உண்டு. அமெரிசியம்-241 என்ற தனிமத்தின் கதிரைக் கழுத்தில் பாய்ச்சினால், உள்ளே இருக்கும் அயோடின் தனக்கே உரிய எக்ஸ்-கதிரைத் திருப்பி உமிழும். அதை எண்ணினால் இருப்பு தெரிந்துவிடும். ஆனால் இது ஆராய்ச்சிக்கூடங்களோடு நின்றுவிட்டது, உங்கள் ஊர் லேபில் கிடைக்காது.

அடுத்து உலை. டி4 என்பது தைராய்டு அயோடினை வைத்துச் செய்யும் ஹார்மோன். கதிரியக்க அயோடின் சேர்த்த டி4ஐத் துளியளவு ரத்தத்தில் செலுத்தி, அது குறையும் வேகத்தைச் சில நாட்கள் தொடர்ந்து பார்ப்பார்கள். ஏழு நாளில் பாதியாகிவிடும், அதாவது நாளொன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு கரைகிறது. லிட்டருக்கு 80 மைக்ரோகிராம் வீதம் உடம்பில் 10 லிட்டரில் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 800 ஆகிறது. அதில் பத்தில் ஒன்று, 80 மைக்ரோகிராம். கரைந்ததை ஈடுகட்டத் தைராய்டு தினமும் அவ்வளவையும் செய்துதான் ஆகவேண்டும்.

கதிரியக்க அயோடினை வைத்து அளக்கும் வழிக்கெல்லாம் விதை ஒரு கேள்விதான். 1936 நவம்பரில் பாஸ்டனில் ஒரு சொற்பொழிவு முடிந்ததும் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர், அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக்க முடியுமா என்று கேட்டார். இரண்டே வருடத்தில், 25 நிமிடத்தில் பாதியாகிவிடும் அயோடின்-128ஐ வைத்துக்கொண்டு முயல்களின் தைராய்டை அளந்து காட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் செய்தது ‘அப்டேக்’ பரிசோதனை, அதாவது குடித்த அயோடினில் எத்தனை சதவீதத்தைத் தைராய்டு பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பது. துளி அயோடின்-131ஐக் குடிக்கக் கொடுத்து, மறுநாள் நோயாளியை உட்காரவைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்க்கச் சொல்லி, கழுத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளிக் கருவியை நிறுத்துவேன். கழுத்தை எண்ணி முடித்ததும் தொடைக்கு நேரே வைத்து எண்ணுவேன். “கழுத்துல நோவுன்னா தொடையில ஏன் வைக்கிறீங்க?” என்று கேட்காதவர்கள் குறைவு. ரத்தத்தில் சும்மா சுற்றும் அயோடினைக் கணக்கிலிருந்து கழிக்கத்தான்.

சாதாரணமாக 10 முதல் 30 சதவீதம் வரும். ஒரு பெண்ணுக்குக் கை நடுங்குகிறது, உடம்பு இளைத்துவிட்டது, ஹார்மோன் எக்கச்சக்கம், ஆனால் அப்டேக் 2 சதவீதம்கூட இல்லை. கிளறிக் கேட்டபோது, மூன்று வாரம் முன்பு வயிற்றுக்கு மருந்து ஏற்றி சிடி எடுத்தது தெரிந்தது. அந்த மருந்து 100 மி.லி.யில் 30 கிராம் அளவுக்கு அயோடின் இருக்கும். அதில் கொஞ்சம் பிரிந்தாலே போதும், சுரப்பிக்குப் பசி அடங்கிவிடும். இரண்டு மாதம் கழித்து எடுத்தால் 58 சதவீதம். அன்றிலிருந்து சிடி எடுத்தீர்களா என்று கேட்காமல் நான் யாருக்கும் துளி மருந்து கொடுத்ததில்லை. அப்டேக் எண் சுரப்பியின் பசியை மட்டுமே சொல்லும், இருப்பைச் சொல்லாது.

சிறுநீரிலும் அயோடின் பார்க்கலாம். மஞ்சள் நிற சீரியம் கரைசலில் பக்குவப்படுத்திய சிறுநீரைச் சேர்த்தால், அயோடின் அதிகமாக இருக்க இருக்க மஞ்சள் சீக்கிரம் வெளுக்கும். ஆனால் நேற்று மீன் குழம்பு, இன்று ரசம் என்றால் அளவு அப்படியே மாறும். ஓர் ஊரின் நிலையை அறிய அது நல்ல வழி, ஒரு ஆளைத் தீர்மானிக்க உதவாது.

நீங்கள் செய்ய வேண்டியது: இரண்டு மூன்று மாதம் கழித்து டிஎஸ்ஹெச்சுடன் ஃப்ரீ டி4, தைராய்டைத் தாக்கும் டிபிஓ ஆன்டிபாடி ஆகியவற்றையும் பாருங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்கு முயன்றாலோ காத்திருக்காமல் இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். அயோடின் உப்பு போட்டுச் சமையுங்கள், அது போதும்.

கேள்வி: தைராய்டு அதிகம் என்று 12 நாளாகக் கார்பிமசோல் சாப்பிடுகிறேன். படபடப்பு குறையவே இல்லை. மாத்திரையைக் கூட்டிக்கொள்ளலாமா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: நீங்களாகக் கூட்டாதீர்கள் ஐயா. கார்பிமசோல் புது ஹார்மோன் செய்வதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே செய்து வைத்ததை அதனால் தொட முடியாது. சாதாரணத் தைராய்டிலேயே 50 நாளுக்குக் குறையாத சரக்கு இருக்கும். அது தீரத் தீரத்தான் தணியும், சில வாரம் ஆகும். அதுவரை படபடப்புக்குத் தனியாக மாத்திரை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் கார்பிமசோலை நிறுத்திவிட்டு, அன்றைக்கே ரத்த வெள்ளை அணுக்கள் எண்ணிக்கை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.