கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். முன்பெல்லாம் மாதவிடாய் நாற்பத்தைந்து, அறுபது நாள் என்று தள்ளித் தள்ளி வரும். எடையும் கூடிவிட்டது. ஒரு வருடமாக மாதவிடாய் ஒன்பது, பத்து நாட்கள் நீடிக்கிறது. முதல் மூன்று நாட்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றுகிறேன். கட்டி கட்டியாகவும் போகிறது. ஹீமோகுளோபின் 7.8. ஒரு மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன், மலம் கறுப்பாகப் போனதால் பயந்து நிறுத்திவிட்டேன். ஸ்கேனில் கர்ப்பப்பையின் பின்சுவரில் 3.5 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டி, உள்சவ்வு 11 மி.மீ. என்று வந்திருக்கிறது. "குழந்தை பெற்று முடித்தாயிற்று, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம். ஓவரியையும் சேர்த்து எடுத்துவிட்டால் கேன்சர் பயமே இல்லை" என்கிறார்கள் மருத்துவமனையில். வீட்டிலும் சரி என்கிறார்கள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. எடுத்தால் உடம்பு பெருத்துவிடுமா? தாம்பத்தியம் என்ன ஆகும்? 15 வயதில் மகள் இருக்கிறாள், அவளுக்கும் இப்படி வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எடுக்க வேண்டிய நிலை பிறகு வரலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால், அந்தப் பேச்சை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய இரண்டு மூன்று வேலைகள் பாக்கி இருக்கின்றன. உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது.

முதலில் ஹீமோகுளோபினைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது கட்டி அல்ல, அந்த 7.8-தான். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு இது 12 கிராமுக்குக் குறையக் கூடாது. 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு, கொத்தாக முடி உதிர்வது, எதைக் கேட்டாலும் எரிச்சல் வருவது எல்லாம் இதனால் வரக்கூடியவை. பல பெண்கள் இதை வயதாவதன் அறிகுறி என்று நினைத்து வருடக்கணக்கில் சுமக்கிறார்கள்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும். உடம்பு உறிஞ்சியது போக மிச்சமிருக்கும் இரும்பு வெளியேறுகிறது, அவ்வளவுதான். மாத்திரை தரும்போதே யாராவது இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்க மாட்டீர்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாம். அப்படிச் சாப்பிடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்பின் அளவு கூடுகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. வெறும் வயிற்றில் சாப்பிடுவது நல்லது. காபி, டீ, கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், ஏனென்றால் சேமிப்பில் இருக்கும் இரும்பும் நிரம்ப வேண்டும். ஃபெரிட்டின் என்ற பரிசோதனை அந்தச் சேமிப்பைக் காட்டும். உங்கள் விஷயத்தில் மாதாமாதம் இவ்வளவு ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது மாத்திரை மட்டும் ஈடுகொடுக்குமா என்பது சந்தேகம். நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவது பற்றிக் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு: அவசரமில்லாத ஓர் அறுவை சிகிச்சைக்கு 7.8-ஓடு போகவே கூடாது. ஆகவே எந்த வழியில் போவதானாலும் இதுதான் முதல் வேலை.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, எழுந்தால் தலை சுற்றி விழப்பார்த்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, ரத்தம் ஏன் இவ்வளவு போகிறது? ஸ்கேனில் கட்டி இருக்கிறது, எனவே கட்டிதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அப்படிச் சொல்லிவிட முடியாது. ஐம்பது வயதுக்குள் பெரும்பாலான பெண்களின் கர்ப்பப்பையில் சிறிதோ பெரிதோ ஒரு ஃபைப்ராய்டு வந்துவிடுகிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. கட்டியின் அளவைவிட அது இருக்கும் இடம் முக்கியம். கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டிகூடப் பாடாய்ப் படுத்தும். வெளிப்பக்கமாக வளர்ந்தால் ஆறு சென்டிமீட்டர் இருந்தாலும் மாதவிடாயில் மாற்றமே இருக்காது. உங்களுடையது சுவருக்குள் இருக்கிறது. அது உள்ளறையைத் தொடுகிறதா, அழுத்துகிறதா என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேளுங்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனைவிட, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் இது தெளிவாகத் தெரியும்.

மகப்பேறு மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2011-ல் இத்தகைய உதிரப்போக்கின் காரணங்களை ஒன்பது வகையாகப் பிரித்தது. அதில் நான்குதான் கட்டி, பாலிப் (உள்சவ்வில் வளரும் சிறு சதை) போலக் கண்ணில் படுபவை. மற்ற ஐந்தும் ஸ்கேனில் பெரும்பாலும் சிக்காதவை. உங்கள் வயதில் அவற்றில் முக்கியமானது, கருமுட்டை ஒழுங்காக வெளியாகாமல் போவது. முட்டை வெளியானால்தான் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரக்கும். அது இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் வேலை செய்துகொண்டே இருந்தால் உள்சவ்வு தடித்து, பிறகு மொத்தமாகக் கொட்டும். தள்ளித் தள்ளி வந்த மாதவிடாய், கூடிய எடை என்று நீங்கள் சொல்லும் இரண்டுமே இந்தப் பக்கம்தான் கைகாட்டுகின்றன. தைராய்டு பார்த்தார்களா என்று எழுதவில்லை. அதையும் பார்க்கச் சொல்லுங்கள். 43 வயதில் கர்ப்பப் பரிசோதனையும் ஒருமுறை செய்தாக வேண்டும். சிரிக்காதீர்கள், மருத்துவர்கள் இதைக் கேட்காமல் விட்டால்தான் தவறு.

உள்சவ்வு 11 மி.மீ. என்பதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ரத்தம் பட்டால் 4 மி.மீ.க்கு மேல் இருப்பதையே தீவிரமாக எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மாதவிடாய் இருக்கும் வரை அந்தச் சவ்வு மாதத்துக்குள்ளேயே வளர்ந்து, உதிர்ந்து, மறுபடி வளரும். மாதத்தின் பின்பாதியில் 11 என்பது சாதாரணமாகவே வரக்கூடிய அளவு. ஆனாலும் உள்சவ்விலிருந்து ஒரு துணுக்கு எடுத்து பயாப்ஸி செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். 45 வயதுக்கு மேல் அதிக உதிரப்போக்கு இருந்தால் இது வழக்கமான பரிசோதனை. உங்களுக்கு இரண்டு வயது குறைவாக இருந்தாலும், எடையும் பழைய ஒழுங்கற்ற சுழற்சியும் இருப்பதால் தள்ளிப்போட வேண்டாம். மெல்லிய குழாயை உள்ளே விட்டு எடுப்பார்கள். மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. சில நிமிடங்கள் மாதவிடாய் வலி போல இழுத்துப் பிடிக்கும், அப்புறம் வீட்டுக்குப் போகலாம்.

கேன்சர் பயத்தைச் சொல்லி எடுக்கச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பிடிக்காத பேச்சு இது. ஃபைப்ராய்டு கேன்சராக மாறும் என்று பயமுறுத்துவதற்கு ஆதாரம் கிடையாது. கட்டி என்று நினைத்து அறுவை செய்த இடத்தில் சார்கோமா என்ற புற்றுநோய் இருந்தது தெரியவருவது அரிது. அதிலும் மாதவிடாய் நிற்காத வயதில் இன்னும் அரிது. மாதவிடாய் நின்ற பிறகு கட்டிகள் பொதுவாகச் சுருங்கிவிடும். அந்த வயதில் ஒரு கட்டி வளர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். உள்சவ்வில் ஏதாவது இருக்கிறதா என்ற கேள்விக்கு பயாப்ஸி பதில் சொல்லும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது. கர்ப்பப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ, அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. பரிசோதனையோ இதுவரை செய்யாவிட்டால் இந்தச் சாக்கில் அதையும் முடித்துவிடுங்கள்.

பயாப்ஸியில் எதுவும் இல்லை என்று வந்தால், சிகிச்சைக்கு நிறைய வழி இருக்கிறது. மாதவிடாய் வரும் நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை உதிரப்போக்கைச் சுமார் பாதியாகக் குறைக்கும். இது ஹார்மோன் மருந்து அல்ல. உறைந்த ரத்தம் சீக்கிரம் கரையாமல் தடுக்கிறது. கால் நரம்பிலோ நுரையீரலிலோ முன்பு ரத்தம் உறைந்தவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உட்டாகோ ஒக்கமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும். பிரசவத்தில் ரத்தம் போய் உயிரிழக்கும் பெண்களைக் காப்பாற்ற ஒரு மருந்து வேண்டும் என்பதுதான் அந்த அம்மாவின் எண்ணம். 20,000 பெண்களிடம் நடந்த ஆய்வு அது பலிப்பதை நிரூபித்தது 2017-ல்; அதற்கு முந்தைய ஆண்டு அவர் காலமாகிவிட்டார். மருந்து வரலாற்றில் இப்படிப் பல கதைகள், சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களுக்கு நான் முதலில் யோசிப்பது, லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் அடங்கிய சிறிய சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைப்பது. மிரெனா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். பார்க்க காப்பர் டி போலவே இருக்கும், ஆனால் வேலை நேர் எதிர்: காப்பர் டி உதிரப்போக்கைக் கூட்டும், இது உள்சவ்வை மெலிதாக்கிக் குறைக்கும். ஓராண்டுக்குள் 70 முதல் 95 சதவீதம் வரை குறைந்துவிடும். சிலருக்கு மாதவிடாயே நின்றுவிடும்; அதனால் கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடாது, தங்க அங்கே ஒன்றும் சேர்வதில்லை. ஒரு தொந்தரவு உண்டு. முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் சொட்டுச் சொட்டாக, நாள் கணக்கில்லாமல் பட்டுக்கொண்டிருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாததால் இரண்டாம் மாதமே எடுத்துவிடச் சொல்லி வருகிறவர்கள் அதிகம். பொறுத்தவர்களில் பெரும்பாலானோர் பிறகு அதை மறந்தே போகிறார்கள். கட்டி உள்ளறையின் வடிவத்தைக் கோணலாக்கியிருந்தால் மட்டும் சாதனம் தங்காமல் வெளியே வந்துவிடக்கூடும். அதனால்தான் கட்டியின் இடத்தைத் தெளிவாகக் கேட்கச் சொன்னேன்.

இதுவும் சரிவராவிட்டால், உள்ளே துருத்தும் கட்டியை மட்டும் கருவி மூலம் எடுப்பது, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது, உள்சவ்வைச் சுட்டுவிடுவது என்று நடுவில் இன்னும் படிகள் இருக்கின்றன. உங்களுக்கு எது பொருந்தும் என்பது பரிசோதனை முடிவுகளைப் பொறுத்தது.

கர்ப்பப்பையை எடுப்பதற்கு நான் எதிரி அல்ல. எல்லாம் முயன்றும் அடங்காமல் போய், எடுத்த பிறகு "முன்னாலேயே செய்திருக்கலாமே" என்று நிம்மதியடைந்த பெண்களும் நிறைய. ஆனால் அது திரும்பப் பெற முடியாத முடிவு. சுமார் நூறில் ஒருவருக்கு சிறுநீர்ப்பையிலோ சிறுநீர்க்குழாயிலோ காயம் ஏற்படும் வாய்ப்பும் இருக்கிறது. அப்படி ஒரு நாள் முடிவெடுத்தால், வயிற்றைக் கிழிக்காமல் பிறப்புறுப்பு வழியாகவே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டு சுகப்பிரசவம் ஆனவருக்கு, கர்ப்பப்பையும் ரொம்பப் பெரிதாக இல்லாவிட்டால், அது பெரும்பாலும் சாத்தியம்.

ஓவரியை மட்டும் "சேர்த்தே" கொடுத்துவிடாதீர்கள். அது முட்டை வைக்கும் இடம் மட்டுமல்ல. உங்கள் எலும்புக்கும் இதயத்துக்கும் தூக்கத்துக்கும் தேவையான ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது. 43-ல் எடுத்தால் மறுநாளே மெனோபாஸ், அதுவும் படிப்படியாக இல்லாமல் திடீரென்று. அமெரிக்காவில் கர்ப்பப்பை எடுத்த 29,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களை 24 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. ஓவரியையும் எடுத்தவர்களுக்கு ஓவரி, மார்பகப் புற்றுநோய்கள் குறைந்தன, உண்மைதான். ஆனால் இதயநோய் கூடி, மொத்த மரணங்கள் அதிகமாகவே இருந்தன. குடும்பத்தில் பலருக்கு மார்பக அல்லது ஓவரி புற்றுநோய் வந்து, மரபணுப் பரிசோதனையிலும் கோளாறு தெரிந்தால் கணக்கு வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. கருக்குழாய்களை மட்டும் எடுத்துவிடலாம். ஓவரி புற்றுநோய்களில் பல அங்கிருந்துதான் தொடங்குகின்றன, அவற்றை எடுப்பதால் ஹார்மோனுக்கும் பாதிப்பில்லை.

உடம்பு பெருக்குமா என்றால், அறுவை நேரடியாக எடையைக் கூட்டாது. ஓய்வில் உட்கார்ந்தே பழகிவிடுவதும் மெனோபாஸ் வயதும்தான் கூட்டும். தாம்பத்தியத்துக்கு ஆறு வாரம் போல இடைவெளி விட வேண்டும். அதன் பிறகு பெரும்பாலானவர்களுக்கு முன்பு போலவே இருக்கும். ஓயாத ரத்தப்போக்கும் வலியும் தொல்லை தந்துகொண்டிருந்தவர்களுக்கு முன்பைவிட நன்றாகவே இருக்கும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு பயத்தை உள்ளேயே வைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், நல்லது.

மருத்துவரிடம் மறுபடி போகும்போது ரிப்போர்ட்டுகளோடு, "பயாப்ஸி இல்லாமல் ஏன் எடுக்க வேண்டும், இப்போது எடுக்காவிட்டால் ஆறு மாதத்தில் என்ன ஆகும்?" என்ற கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். இதற்கு ஒழுங்கான பதில் தருகிறவரிடம் சிகிச்சையைத் தொடரலாம். கேட்டதற்கே கோபப்பட்டால் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டாவது கருத்து கேட்பது யாருக்கும் செய்யும் துரோகம் அல்ல.

மகளைப் பற்றி. தாய்க்கு ஃபைப்ராய்டு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு சற்று அதிகம், ஆனால் 15 வயதில் அதற்காக ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. அவளிடம் வேறு ஒன்றைக் கேளுங்கள்: வயதுக்கு வந்ததிலிருந்தே அதிகமாகப் போகிறதா, ஏழு நாளைத் தாண்டுகிறதா, இரவில் எழுந்து நாப்கின் மாற்றுகிறாளா, பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் வந்ததா, காரணமில்லாமல் மூக்கில் ரத்தம் வருகிறதா, லேசாகப் பட்டாலே உடம்பு நீலம் பாய்கிறதா என்று. இவற்றில் சிலவற்றுக்கு ஆமாம் என்றால் வான் வில்லிபிராண்ட் என்ற ரத்தம் உறையும் குறைபாட்டுக்குப் பரிசோதனை செய்ய வேண்டும். அது பரம்பரையாக வரக்கூடியது. ஆகவே உங்கள் பிரசவங்களிலோ பல் சிகிச்சையிலோ ரத்தம் நிற்கச் சிரமப்பட்டிருந்தால் அதை உங்கள் மருத்துவரிடமும் சொல்லுங்கள், உங்களுக்கும் அந்தப் பரிசோதனை தேவைப்படலாம்.